ஈச்சங்கன்றுக்குக் கட்டிய முக்காடு

1

போன வாரம் லில்லி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். இங்கே இருப்பது ஒரே ஒரு இந்தியர் பள்ளிக்கூடம். குஜராத்திப் பிள்ளைகள்தான் அதிகம். டீச்சரம்மா ஒரு படத்தைக் காட்டி, "இதுக்கு உங்க வீட்டு பாஷையில என்ன பேரு?" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டிருக்கிறாள். என் மகள் எழுந்து நின்று, "கிபெபேயோ" என்றிருக்கிறாள். டீச்சரம்மா சிரித்துவிட்டாள். அது இந்த ஊர்ச் சுவாஹிலி வார்த்தை. லில்லி விடவில்லை. "இல்ல டீச்சர், எங்க அப்பாவும் அம்மாவும் வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க, அது தமிழ்தான்" என்று சாதித்திருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம்.

"பட்டாம்பூச்சின்னு சொல்லணும்டி" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது என்ன பாஷைம்மா?" என்று கேட்டாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது மனசு கனத்துப் போனது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் பட்டாம்பூச்சி என்று சொல்வதே இல்லை. லில்லி பிறப்பதற்கு முன்னால், உலகச் சண்டை நடந்த காலத்தில், ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த "கிபெபேயோ" எனக்குச் சக்களத்தியாக இருந்தது. அந்தப் பெயரில் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறோம். அப்படித்தான் அது வீட்டு வார்த்தையாகிப் போனது.

2

நான் குளத்தூர்ப் பக்கத்துக்காரி. எட்டாவது வரை படித்தவள். லில்லியின் அப்பாவுக்கும் அதே பக்கம்தான், குன்றாண்டார்கோவில் போகும் வழியில் ஊர். (எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை.) கல்யாணத்துக்கு முன்பே ஆப்பிரிக்காவில் இந்த டாங்கானிக்காவுக்கு வந்து, கடற்கரையோரம் ஒரு சர்க்கார் விவசாயப் பண்ணையில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தார். லீவில் வந்து என்னைக் கட்டினார், திரும்பிப் போனார். சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்னால் நான் கப்பலேறினேன்.

இங்கே வந்து இறங்கியதும் துறைமுக ஆபீஸில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவா என்று கேட்டார் அந்த உத்தியோகஸ்தர். இல்லை, புதுக்கோட்டை சமஸ்தானம், எங்களுக்குத் தனி ராஜா என்றேன். அவர் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார். ஹைதராபாத் இருந்தது, மைசூர் இருந்தது, திருவாங்கூர் இருந்தது. புதுக்கோட்டையைக் காணோம்.

"அப்படி ஓர் இடம் இல்லையே" என்றார்.

"இல்லாமயா நான் அங்கேர்ந்து வந்து நிக்கிறேன்?" என்று நான் தமிழில் சொன்னதை லில்லியின் அப்பா இங்கிலீஷில் வேறு எப்படியோ மாற்றிச் சொன்னார். கடைசியில் "மெட்ராஸ்" என்று எழுதி முத்திரை குத்தினார்கள். இப்போது அந்தக் கவலையும் இல்லை. சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறான்.

பண்ணை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சுண்ணாம்பு அடித்து, தரை கழுவி, சுத்தமாகத்தான் வைத்திருந்தார். சமையலறையில் கம்பிவலை போட்ட அலமாரி ஒன்று இருந்தது. பாலும் கறியும் வைப்பதற்கு வாகாக இருக்கிறதே என்று கதவைத் திறந்தேன். உள்ளே தட்டுத் தட்டாக ஈச்ச ஓலைகள். ஒவ்வொரு ஓலையிலும் மடலைச் சுருட்டித் தைத்தது மாதிரி ஒரு குழல். குழலுக்குள்ளே பச்சைப் புழு.

அலறிவிட்டேன்.

"பயப்படாத, பயப்படாத. அது ஒண்ணும் செய்யாது" என்று ஓடி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அலமாரியைத்தான் பார்த்தார். ஒரு புழு கீழே விழுந்திருந்தது. அதை ஒரு கோழி இறகால் எடுத்து ஓலையில் விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பக்குவமாக அவர் எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

3

பொறாமை எனக்குப் புதிசில்லை. என் அக்கா ஆவுடையார்கோவில் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு என்னைவிட நிறம், என்னைவிட முடி, என்னைவிடக் குரல். மாதா கோவிலில் அவள் பாடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பாடினால் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பார்கள். அவளிடம் இல்லாத ஒரே பொருள் என்னிடம் இருந்தது. அது என் கல்யாண முக்காடு. அவள் கல்யாணத்தின்போது அப்பாவுக்குக் கை முடை, சாதாரண மல் துணிதான் தலையில் போட்டார்கள். எனக்குத் திருச்சியில் போய், ஓரத்தில் பூவேலை செய்த நெட்டுத் துணி வாங்கி வந்தார். கோவில் வாசலில் அக்கா அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். என் வாழ்க்கையில் அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான். கப்பலேறும்போது முக்காட்டை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பூச்சி விவகாரம் இதுதான். இங்கே நம் ஊர் ஈச்சமரம் மாதிரியே ஒரு மரம் உண்டு. ஓலையும் முள்ளும் அப்படியே இருக்கும். அந்த ஓலையில் முட்டையிடுகிற ஒரு பட்டாம்பூச்சி. மற்றவை போல மெதுவாக மிதக்காது, விருட்டென்று தாவித் தாவிப் பறக்கும். துரைமார் அந்தச் சாதிக்கு ஸ்கிப்பர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெயிலில் வராது. பொழுது சாயும் நேரத்தில்தான் வெளியே வரும். தலைநகரத்து விவசாய ஆபீஸில் இருந்த பூச்சித் துரை இதில் இரண்டு இனம் என்று தீர்மானித்திருந்தார். ஒன்று பெரிசு, இறக்கையில் கண்ணாடிச் சில்லு மாதிரி பெரிய வெள்ளைப் புள்ளிகள். இன்னொன்று சின்னது, கறுப்பு, புள்ளிகள் கடுகளவு. இரண்டுக்கும் தனித்தனியாக லத்தீன் பெயர். பண்ணையிலிருந்து பூச்சிகளைப் பிடித்து அனுப்புவது லில்லியின் அப்பாவின் வேலைகளில் ஒன்று. பிடித்துப் பிடித்துப் பார்த்ததில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுதான் புஷ்பம். பெருசு பொட்டை, சிறுசு ஆணு. எனக்குத் தெரியுது. ஆனா குமாஸ்தா சொன்னா தொரை நம்புவாரா? ஒரே தாயி போட்ட முட்டையிலேர்ந்து ரெண்டும் வந்தாத்தான் நம்புவாரு."

முட்டை சுண்டைவிதையைவிடச் சின்னது, கவிழ்த்து வைத்த கிண்ணம் போல. பொரிந்து வரும் புழு முதல் வேலையாக ஓலையை நூலால் இழுத்துக் கட்டி வீடு கட்டிக்கொள்ளும். பசித்தால் வெளியே வந்து தின்றுவிட்டு உள்ளே போய்விடும். தன் வீட்டுக்குள் எச்சம் போடாது. பின்பக்கத்தை நீட்டி, கவண்கல் மாதிரி தூரத்தில் எறியும். இதையெல்லாம் அவர் வாய் ஓயாமல் சொன்னார். அதாவது, பூச்சியைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் சொன்னார். மற்ற நேரத்தில் "சாப்பாடு ஆச்சா", "தண்ணி வந்துச்சா". அதோடு சரி.

நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்புப் பற்றவைக்கும் நேரம், அவர் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"எங்க போறீங்க?"

"கதீஜா வீட்டுக்கு. அங்கதான் ஈச்சை நெறயா நிக்குது."

4

கதீஜா, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தனியாக இருந்தவள். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. கறுப்பு என்றால் அப்படி ஒரு பளபளக்கும் கறுப்பு. பூப்போட்ட துணி இரண்டை இடுப்பிலும் தோளிலும் சுற்றிக்கொண்டு, நிமிர்ந்து நடப்பாள். புருஷன் பக்கத்துத் தீவில் இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று சொன்னார்கள். வீட்டைச் சுற்றி ஈச்சை. அதன் ஓலையில் பாய் பின்னி விற்பாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு நாள் கேட்டேன். லில்லியின் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. யாரோ வேற்று ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊரில் அவர் அண்ணன்மார் மூன்று பேருக்குக் கீழே பிறந்தவர். யாராவது பேசினால் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். தமிழ் பேசும்போது இன்றைக்கும் அவர் ஒரு கடைசித் தம்பிதான். சுவாஹிலியில் அவர் வேறு ஆளாக இருந்தார். கையை வீசிப் பேசினார், கேலி செய்தார், அவள் திருப்பிக் கேலி செய்தால் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இந்த மனுஷன் எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எனக்கு வயிறு எரிந்தது.

பேச்சு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். "ம்கே." பெண்டாட்டி என்று அர்த்தம். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னை "ம்கே வா கரானி" என்பார்கள், குமாஸ்தா பெண்டாட்டி. "வாங்கு" என்றால் என்னுடைய என்றும் தெரியும். நம் காதுக்குக் கடையில் எதையோ வாங்கச் சொல்வது போலக் கேட்பதால் அது சட்டென்று மனசில் தங்கிவிட்டது. அன்றைக்கு அவர் அவளைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார், "ம்கே... வாங்கு" என்று. நடுவில் ஏதோ ஓர் இழுப்பு. அவள் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு" என்பது போலக் கையை அசைத்தாள்.

என் பெண்டாட்டி. யாரைச் சொல்கிறார்? என்னையா, அவளையா? என்னை என்றால் அவள் ஏன் சிரிக்க வேண்டும்?

அன்று ராத்திரிச் சோறு அடிப்பிடித்தது. அவர் கவனிக்கவில்லை. தின்றுவிட்டு அலமாரியைத் திறந்து பார்க்கப் போய்விட்டார். அவர் அங்கே போவதற்குச் சாக்காக வாங்கிவந்த பாய்கள் சுவரோரம் சுருட்டிச் சுருட்டி நின்றன. வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர். ஒரு கல்யாணப் பந்திக்கு விரிக்கலாம், அவ்வளவு பாய்.

"அவ வீட்டுலயே படுத்துக்கிறதுதான? அங்கயும் பாய் இருக்குமே" என்றேன்.

"ஆங்?" என்றார். காதில் விழவே இல்லை.

5

பிறகு ஒரு நாள் மத்தியானம், மழைக்காலம் முடிந்த சமயம், துணிக்குப் பூச்சி வராமல் இருக்கட்டும் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்து வெயிலில் காய வைத்தேன். அடியில் கையை விட்டுத் துழாவினால் முக்காட்டைக் காணோம்.

என்ன தோன்றியதோ, அடுப்பை அணைத்துவிட்டு நேரே கதீஜா வீட்டுக்கு நடந்தேன்.

முற்றத்தின் ஓரத்தில், மார்பளவு உயரத்தில் ஓர் ஈச்சங்கன்று. அதன் தலையில் என் கல்யாண முக்காடு. பூவேலை செய்த ஓரம் கீழே வட்டமாக விரிந்து, சுற்றிலும் கல் வைத்து அழுத்தியிருந்தது. காற்றில் லேசாக அசைந்தது. ஒரு சின்னப் பெண் முக்காடிட்டு நிற்பது மாதிரியே இருந்தது. இன்னொருத்தி வீட்டு முற்றத்தில், என் முக்காட்டைப் போட்டுக்கொண்டு.

என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று தெரியவில்லை. கதீஜா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். நான் கல்லைப் புரட்டித் தள்ளி, முடிச்சைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். "கரானி, கரானி" என்றும், உள்ளே பூச்சி இருக்கிறது என்றும் சைகை செய்தாள். உள்ளே ஓலைக்கு ஓலை குழல்கள் தெரிந்தன. அவள் கை பலமான கை. இரண்டு பேரும் மூச்சிரைக்க அப்படியே நின்றோம்.

அவளிடம் சொல்ல எனக்கு பாஷை இல்லை. முக்காட்டின் ஓரத்தை எடுத்து என் தலையில் வைத்துக் காட்டினேன். கழுத்துத் தாலியைத் தொட்டுக் காட்டினேன். கோவிலில் நிற்பது போலக் கைகூப்பினேன். அதற்கு மேல் முடியாமல் அழுகை வந்துவிட்டது.

அவள் கை தளர்ந்தது. "ஹருசி?" என்று மெல்லக் கேட்டாள். அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. ஆனாலும் கல்யாணத்தைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது. என் மேலிருந்த கோபம் அப்படியே திசை திரும்பி பண்ணை ஆபீஸ் பக்கம் போயிற்று. என்னை இழுத்துப் போய், பாதி பின்னிக் கிடந்த பாயில் உட்காரச் சொன்னாள். நான் ஈர ஓலையில் உட்காரத் தயங்கினேன். பாயைத் தட்டித் தட்டி, "ம்கேக்கா, ம்கேக்கா" என்றாள்.

ம்கேக்கா என்றால் பாய்.

ம்கேக்கா வாங்கு. என் பாய் எங்கே என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். அந்தக் கன்றின் ஓலையை அவள் வெட்டாமல் விட வேண்டும் என்பதற்காக, நஷ்டத்துக்கு ஈடாகப் பாய் பாயாக வாங்கித் தள்ளியிருக்கிறார். விஷயம் புரிந்தது. நெஞ்சு எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. வார்த்தையைத் தப்பாகக் கேட்டேன், சரி. அந்தச் சிரிப்பை நான் தப்பாகக் கேட்கவில்லையே.

6

சாயங்காலம் அவர் வலையோடு வந்தார். முற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

முதலில் ஆரம்பித்தது கதீஜாதான். எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். அவள் நிறுத்திய இடத்தில் நான் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பா திருச்சிக்குப் போயி வாங்கிட்டு வந்தது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கொசுவலையெல்லாம் ஓட்டை புஷ்பம். சண்டை முடியிற மட்டும் கடையில வராதுங்கிறான். தாய்ப்பூச்சி தப்பிச்சுப் போயிட்டாலோ, வேற பூச்சி வந்து முட்டை போட்டுட்டாலோ எல்லாம் வீணு. அது பொட்டியில சும்மாதான கெடந்துச்சு..."

"சும்மாவா கெடந்துச்சு? சும்மா கெடக்கிறதுக்கா கடலத் தாண்டித் தூக்கிட்டு வந்தேன்?"

கதீஜாவுக்கு என் பேச்சு புரியாது, எனக்கு அவள் பேச்சு புரியாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னோம் என்று நினைக்கிறேன். இரண்டும் புரிந்தவர் அவர் ஒருவர்தான். அங்கிட்டும் இங்கிட்டும் தலையைத் திருப்பித் திருப்பி, இரண்டு பாஷையிலும் ஏச்சு வாங்கினார்.

"சிறுசு ஆணுன்னு நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார் கடைசியில். "தொரை புஸ்தகம் போடப் போறாரு. அதுல ரெண்டுன்னு போட்டுட்டாருன்னா ரெண்டுதான். அதுக்கப்புறம் என் சொல்லு எங்க ஏறும்?"

பிறந்தது முதல் யாரும் காது கொடுக்காத கடைசித் தம்பி பேசினார். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. அது இறங்கியதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

கதீஜா முக்காட்டை முள்ளில் மாட்டாமல் பதனமாக அவிழ்த்து, உதறி, மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டாள். கன்றைத் தோண்டி உன் வீட்டுக்குக் கொண்டு போ என்று அர்த்தம். மறுநாள் அவரும் பண்ணை ஆள் ஒருவருமாக, வேரோடும் மண்ணோடும் தோண்டி ஒரு மண்ணெண்ணெய் டின்னில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

7

இப்போது கன்று என் வீட்டு வாசலில் நின்றது. அவர் ஆபீஸ் போன பிறகு ஒரு குளவி வந்து, ஓலைக் குழல் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தது. விசிறியால் துரத்தினேன். திரும்ப வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய் முக்காட்டை எடுத்து வந்து நானே கட்டினேன். என் வாசலில் என் கன்றுக்கு என் முக்காடு. அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. சாயங்காலம் அவர் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. புத்திசாலி.

புழுக்கள் கொழுத்து, குழலுக்குள்ளேயே வெள்ளை மாவு பூசிக்கொண்டு கூட்டுப்புழுவாயின. அந்த ஓலைகளை மட்டும் நறுக்கி அலமாரியில் வைத்தார். பிறகு காத்திருந்தோம். ஊரில் பிரசவத்துக்குக் காத்திருப்பது மாதிரி.

ஒரு நாள் காலை, அவர் ஆபீஸில் இருக்கும்போது, ஓலையை யாரோ நகத்தால் சுரண்டுவது போலச் சத்தம். கதவோரம் குனிந்து பார்த்தேன். முதலில் வந்தது பெரிசு. இறக்கை ஈரச் சுருக்கத்தோடு தொங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்து விரிந்தது. வெள்ளைப் புள்ளிகளுக்குப் பின்னால் இருந்த கம்பி தெரிந்தது, கண்ணாடி வழியாகத் தெரிவது போல. அடுத்த ஓலையிலிருந்து இன்னொன்று. சின்னது. கறுப்பு. கடுகளவுப் புள்ளி.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவருக்கு முன்னால், பூச்சித் துரைக்கு முன்னால், குளத்தூர்ப் பக்கத்து மரியபுஷ்பத்துக்கு அது தெரிந்துவிட்டது. அவர் மத்தியானம் வரும்வரை அந்த விஷயம் முழுக்க எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை.

அவர் வந்தார். பார்த்தார். கண் கலங்கிவிட்டது. என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். அடுத்த நிமிஷம், செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினார்.

கதீஜாவைக் கூட்டி வர.

நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடங்கியது என்று நினைத்தது அத்தனையும் மறுபடி நெஞ்சுக்கு ஏறியது. காத்திருந்தவள் நான், குளவி விரட்டியவள் நான், முதலில் கண்டவள் நான். அவருக்கு அதைச் சொல்லி மகிழ வேறொரு முகம் வேண்டியிருக்கிறது.

அவள் வந்து பார்த்து, "கிபெபேயோ!" என்று கையைத் தட்டினாள். பிறகு அவர் விஷப் புட்டியை எடுத்தார். தலைநகரத்துக்கு உயிரோடு அனுப்ப முடியாது, ஊசி குத்தி அட்டையில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். பெரிசைப் புட்டிக்குள் விட்டார். மூடியைப் போட அவருக்கு மனசு வரவில்லை, என்னிடம் நீட்டினார். என்னைப் பார்த்தார். நான் மூடினேன். இந்தப் பூச்சி செத்துத் தொலையாதா என்று எத்தனை நாள் நினைத்தவள் நான். அது உள்ளே ஒரு தடவை இறக்கையைத் திறந்து மூடியது. எனக்கு ஒரு திருப்தியும் வரவில்லை. அழுகைதான் வந்தது. கதீஜா என் முதுகில் கை வைத்தாள். நான் அதைத் தட்டிவிடவில்லை.

8

துரை ஒப்புக்கொண்டார். இரண்டு லத்தீன் பெயரில் ஒன்றை அடித்துவிட்டதாகவும், முட்டை முதல் பூச்சி வரை நடந்ததையெல்லாம் புஸ்தகத்தில் சேர்ப்பதாகவும் எழுதினார். வளர்த்தவர் பண்ணைக் குமாஸ்தா என்று ஒரு வரி வருமாம். லில்லியின் அப்பா அந்த வாரம் முழுக்க நிமிர்ந்து நடந்தார். ஊரில் அண்ணன்மாருக்கு எழுதினார். "பூச்சி வளர்க்கவா கடல் கடந்து போனாய்?" என்று பதில் வந்தது. அதற்கும் அவர் சிரித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

வேலை முடிந்துவிட்டதால் அவர் கதீஜா வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவளே ஒரு நாள் வந்து, என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். முதலில் சைகையில் பேசினோம். பிறகு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. பொறாமைக்கு அவர்கள் "வீவு" என்கிறார்கள். நான் கேட்காமலே, என் நெஞ்சில் விரலை வைத்து அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்தாள். பிறகு தன் நெஞ்சில் வைத்து, தீவு இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். தீவில் இருப்பவளைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, என் அக்காவைப் பற்றி நான் சொன்னேன். பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வருகிற வரை சிரித்திருக்கிறோம். லில்லியை முதலில் கையில் வாங்கியவளும் அவள்தான்.

இப்போதும் சாயங்காலமானால் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். நேற்று லில்லியின் அப்பா வாசலில் நின்று மறித்தார்.

"தெனமும் அங்கிட்டு என்ன வேலை ஒனக்கு?"

"சும்மாதான். பேசிட்டு வாரேன்."

"அப்படி என்னதான் பேசுவீங்க? இங்க வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேக்குது." கொஞ்சம் தயங்கி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: "என்னயப் பத்தியா?"

"இல்லீங்க" என்றேன்.

அது உண்மை. அதுதான் அவருக்கு ரொம்பச் சுட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

பொழுது சாய்ந்து நான் திரும்பி வரும்போது அவர் வேலியோரம் நின்று, நான் வரும் பாதையைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புக்கு நேரமாகிவிட்டது, பிள்ளைக்குப் பசிக்கும். இருந்தாலும் அந்தக் கடைசித் தூரத்தை நான் கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தேன்.